மூக்கணி போட்டவர் ஆணா, பெண்ணா?

துன்ஹோ என்பது கொலம்பியாவின் முயிஸ்கா மக்கள் காணிக்கைக்காகச் செய்த, உள்ளங்கையில் அடங்கிவிடும் உருவம். பல உருவங்கள் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. தங்கமும் செம்பும் கலந்த ஒரு தட்டையான தகடு, பெரும்பாலும் நீள்முக்கோண வடிவில். அதுதான் உடம்பு. அதன்மேல் கண், புருவம், வாய், கை, கழுத்தணி எல்லாமே மெல்லிய கம்பியை வளைத்து ஒட்டியது போலத் தெரியும். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் உள்ள தங்க அருங்காட்சியகத்தில் இவை கண்ணாடிக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அலுவலக வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்தேன். ஞாயிறன்று கட்டணம் கிடையாது, அதனால் நல்ல கூட்டம். 2600 மீட்டர் உயரத்து ஊரில் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு ஒரே இடத்தில் நிற்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. துன்ஹோக்களின் முன்னால் நின்றுவிட்டேன்.

விவரக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிக்கும். சிலவற்றுக்குப் 'பெண் உருவம்' என்று பெயர். சிலவற்றுக்கு 'ஆண் உருவம்'. மீதிக்கு வெறும் 'மனித உருவக் காணிக்கை'. அருங்காட்சியகமாவது இதில் ஓரளவு கவனமாக இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளையும் பழைய கலைப் புத்தகங்களையும் புரட்டினால் அந்தக் கவனம் காற்றில் பறந்துவிடும். ஈட்டி பிடித்தவர் போர்வீரன், கோல் பிடித்தவர் தலைவன், மணையில் உட்கார்ந்தவர் பூசாரி, குழந்தை வைத்திருப்பவர் தாய். கடைசி ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். அந்த உருவங்களைத் திரும்பப் பார்த்தால், பாதிக்கு மேல் ஆணென்றோ பெண்ணென்றோ காட்டும் எதுவும் உடம்பில் இல்லை.

அப்படியானால் இதை முடிவு செய்தது யார், எதை வைத்து? அன்றைக்கு ஆரம்பித்த கேள்வி இது. ஊர் திரும்பிய பிறகும் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முயிஸ்காக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆண்டிஸ் மலையின் கிழக்குத் தொடரில், இன்றைய பொகோட்டாவும் துன்ஹாவும் இருக்கும் குளிர்ந்த மேட்டுநிலம் அவர்களுடையது. தெற்கே பக்காட்டாவில் சிபா, வடக்கே ஹூன்சாவில் சாக்கே என்று பெருந்தலைவர்கள். அவர்களுக்குக் கீழே ஏராளமான குறுந்தலைவர்கள். சிபாக்கிராவிலும் நெமோக்கோனிலும் உப்பு எடுத்தார்கள், பருத்திப் போர்வை நெய்தார்கள், மரகதம் தோண்டினார்கள். தங்கம் மட்டும் அவர்கள் மண்ணில் அனேகமாகக் கிடையாது. உப்பையும் போர்வையையும் கொடுத்துத்தான் வெளியிலிருந்து வாங்கினார்கள். 1537இல் கோன்சாலோ ஹிமெனெஸ் தே கெசாடாவின் ஸ்பானியப் படை மேட்டுக்கு ஏறி வந்தது. 'எல் டொராடோ', தங்க மனிதன் என்ற கதை உலகமெங்கும் பரவியதும் இவர்களை வைத்துத்தான்.

இவ்வளவு சிரமப்பட்டு வாங்கிய தங்கத்தை அவர்கள் அணிந்து மினுக்கியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் துன்ஹோவாக வார்த்து ஏரியிலும் குகையிலும் வயலிலும் போட்டுவிட்டார்கள். துன்ஹோ காணிக்கைப் பொருள். மண்பானைக்குள் உருவங்களையும் சில நேரம் மரகதத்தையும் வைத்துப் புதைப்பது உண்டு. எடுத்துப் பார்ப்பதற்காகவோ போட்டுக்கொள்வதற்காகவோ செய்ததில்லை.

செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நான் கம்பி என்று சொன்னது கம்பி இல்லை. கைமுறுக்கு சுற்றுகிறவர் விரலில் மாவு திரிகிற மாதிரி, கொட்டாத தேனீக்களின் மெழுகை நூலாகத் திரித்து, மெழுகுத் தகட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒரு நூல், வாய்க்கு ஒரு நூல், கழுத்தணிக்கு நாலைந்து சுற்று. அப்புறம் களிமண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிவில் உலோகத்தை ஊற்றினார்கள். நம் ஊர் ஐம்பொன் சிலைக்கும் இதே முறைதான். ஆனால் நம் ஸ்தபதி வார்த்த பிறகுதான் பாதி வேலையை ஆரம்பிப்பார்: அராவுவார், செதுக்குவார், மெருகு போடுவார். துன்ஹோவில் அது எதுவுமே கிடையாது. உலோகம் ஊற்றிய வாய்க்காலின் மிச்சம்கூட வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உலோகம் சரியாக ஓடாமல் ஓட்டை விழுந்ததை அப்படியே காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, அழகுக்காக எதையும் சேர்க்கவில்லை. துன்ஹோவில் இருப்பதெல்லாம் மெழுகு நிலையிலேயே ஒருவர் யோசித்து வைத்த நூல்கள். அவர் எதற்கெல்லாம் நூல் திரித்தார் என்று பாருங்கள். தலையணி இருக்கிறது, காதணி இருக்கிறது, மூக்கணி இருக்கிறது. தோளில் குறுக்காக மாட்டிய பை இருக்கிறது. கையில் கோல், கிண்ணம், ஈட்டியை வீசும் கருவி, சுண்ணாம்புக் குடுவை, குழந்தை, சில உருவங்களில் வெட்டிய தலை. சிலவற்றில் ஆண்குறியோ பெண்குறியோ ஐயத்துக்கு இடமில்லாமல் செய்யப்பட்டிருக்கிறது. நிறைய உருவங்களில் அந்த இடம் வெறும் தகடு. கால் விரல்களை எண்ணிவிடலாம் போலச் செய்த கைக்குக் குறியைச் செய்ய இன்னும் ஒரு நூல் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

மார்கோஸ் மார்டினோன்-டோரஸ், மரியா அலிசியா உரிபே இருவரும் இந்த உருவங்களின் உலோகக் கலவையையும் செய்முறையையும் நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள். ஒரே காணிக்கைத் தொகுதியில் இருக்கும் உருவங்கள் கலவையிலும் கைப்பாங்கிலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதை அவர்கள் காட்டினார்கள். அதாவது, வீட்டில் இருந்த நாலு பழைய பொம்மைகளைப் பொறுக்கிப் பானையில் போடவில்லை. அந்தக் காணிக்கைக்கென்றே, ஒரே கைக்காரர், ஒரே சமயத்தில் செய்து கொடுத்திருக்கிறார். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

இப்போது அத்தை கதை.

ஊருக்கு வந்ததும் அத்தையிடம் கைபேசியில் படங்களைக் காட்டினேன். அருங்காட்சியகம் என்றால் எனக்கு இருக்கும் பைத்தியத்தைச் சின்ன வயதிலிருந்து பொறுத்துக்கொண்டிருப்பவர். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இந்தப் பொம்பள? கையில என்ன, சொம்பா?" என்றார்.

"சொம்பு இல்ல அத்தை, சுண்ணாம்புக் குடுவை. இவரை ராஜான்னு சொல்றாங்க."

"ராஜாவா? புல்லாக்கு போட்டுக்கிட்டு நிக்கிறா. கழுத்து நிறைய நகை வேற. நல்லா பாரு."

நல்லாத்தான் பார்த்தேன். அத்தையின் கண்ணுக்கு மூக்கில் தொங்கும் நகை என்றால் பெண். முயிஸ்கா நாட்டிலோ மூக்கணியும் காதணியும் பதவியோடு வருபவை. சிபா அனுமதி கொடுத்தால்தான் பெரிய மனிதர்களே அவற்றை அணியலாம் என்று ஸ்பானியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அத்தையின் தீர்ப்பு தவறு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தப் படத்தில் இருந்த உருவத்துக்கும் உடம்பில் எந்தக் குறியும் இல்லை. தன் ஊர்ப் பழக்கத்தை வைத்து அத்தை பெண் என்றார். தங்கள் ஊர்ப் பழக்கத்தை வைத்து ஐரோப்பிய அறிஞர்கள் ராஜா என்றார்கள். அத்தை சொன்னது எங்கள் வீட்டு வரவேற்பறையோடு போயிற்று. அவர்கள் சொன்னது அச்சில் ஏறிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அறிஞர்கள் பக்கம் பழக்கத்தைத் தாண்டிய ஒரு ஆதாரமும் உண்டு. அதுதான் அந்தக் குடுவை, பொப்போரோ. கோக்கா இலையை மெல்லும்போது கூடவே சேர்க்கும் சுண்ணாம்பை அதில் வைத்திருப்பார்கள். குச்சியை உள்ளே விட்டு எடுத்து வாயில் வைத்துக்கொள்வார்கள். மேட்டுநிலத்திலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வடக்கே, சியெரா நெவாடா மலையில் வாழும் கோகி மக்கள் இன்றும் பொப்போரோ வைத்திருக்கிறார்கள். அவர்கள் மொழியும் முயிஸ்கா மொழியும் ஒரே சிப்சா குடும்பம். கோகிகளிடம் பொப்போரோ ஆண்களுக்கு மட்டும் உரியது. பையன் பெரியவனாகி மணம் முடிக்கும் கட்டத்தில் அதைப் பெறுகிறான். பெண்கள் கோக்கா இலையைப் பறிப்பார்கள், மெல்ல மாட்டார்கள். எனவே துன்ஹோவின் கையில் பொப்போரோ இருந்தால் அது ஆண் என்று ஊகிப்பது வெறும் கற்பனை இல்லை. உறவுள்ள ஒரு மக்களின் நடைமுறையிலிருந்து வருகிற ஊகம்.

ஆனால் அதே கோகிகளிடம் இன்னும் கொஞ்சம் கேட்டால் விஷயம் இவ்வளவு எளிமையாக இல்லை. அந்தச் சுரைக்குடுவையே பெண், குச்சி ஆண் என்பது அவர்கள் விளக்கம். ஆண் கையில் வைத்திருப்பது ஒரு பெண்ணை. அடுத்து நெசவைக் கேளுங்கள். கோகிகளிடம் தறியில் துணி நெய்வது ஆண்கள் வேலை. பெண்கள் செய்வது தோள்பை. முயிஸ்கா நாட்டில் கல்லில் செதுக்கிய, அழகான கோலம் போட்ட தக்களி வட்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் 'பெண்களின் பொருள்' என்று எழுதிவிடுவது வழக்கம். முயிஸ்காக்களின் புராணமோ நூற்கவும் நெய்யவும் கற்றுக்கொடுத்தவர் போச்சிக்கா என்ற தாடிக்கார ஆண் என்கிறது. பொப்போரோவுக்குக் கோகியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் தறிக்கும் அவர்களையே கூப்பிட வேண்டும் இல்லையா? வேண்டிய இடத்தில் மட்டும் கூப்பிட்டு, வேண்டாத இடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஈட்டி வீசும் கருவிக்கு வருவோம். மரக்கட்டையின் நுனியில் ஒரு கொக்கி. அதில் ஈட்டியின் பின்முனையை மாட்டி வீசினால் கை நீளம் இரட்டிப்பானது போல வேகம் கிடைக்கும். இதைப் பிடித்த துன்ஹோக்களுக்கு 'போர்வீரன்' என்பது நிரந்தரப் பெயர். பெரு நாட்டின் வடக்குக் கடற்கரையில், எல் புருஹோ என்ற இடத்தில், 2005இல் ஒரு பெரிய கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். மோச்சே என்ற பழைய பண்பாட்டின் காலத்து ஆட்சியாளர். துணி துணியாகச் சுற்றிய உடல். கூடவே சடங்குத் தண்டாயுதங்களும் இருபதுக்கு மேற்பட்ட ஈட்டி வீசும் கருவிகளும். சுற்றியதைப் பிரித்தபோது உள்ளே இருந்தது கையில் பச்சை குத்திய, இருபதுகளில் இறந்த ஒரு பெண். இன்று உலகம் அவரைக் 'காவோ சீமாட்டி' என்கிறது. அதே பெருவில், வில்லாமயா பாட்ஹ்ஷா என்ற மலைப்பகுதியில் 9000 ஆண்டுப் பழைய குழியில் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருந்தவரும் இளம்பெண்தான் என்று 2020இல் வெளியிட்டார்கள். இதனால் முயிஸ்காப் பெண்களும் ஈட்டி எறிந்தார்கள் என்று ஆகிவிடாது. மோச்சே வேறு, முயிஸ்கா வேறு. நடுவில் ஒரு நாடே கிடக்கிறது. கருவியை மட்டும் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

காவோ சீமாட்டிக்கு நேர்ந்தது துன்ஹோவுக்கு நேராது, அதுதான் சிக்கல். பெருவில் எலும்பு இருந்தது. துன்ஹோ காணிக்கை, ஏரியில் போட்டதற்கு எலும்பு ஏது? போதாக்குறைக்கு, அருங்காட்சியகங்களில் இருக்கும் துன்ஹோக்களில் பெரும்பகுதி புதையல் தேடிகள் தோண்டி விற்றது. எந்த வயல், எந்தப் பானை, பக்கத்தில் என்ன இருந்தது என்ற விவரமெல்லாம் தோண்டிய குழியோடு போய்விட்டது. முயிஸ்காக்கள் காணிக்கை போட்ட குவாட்டாவிட்டா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1580களில் ஒரு வணிகர் கரையையே வெட்டி நீரை இறக்கப் பார்த்தார். மலையில் V போன்ற அந்தப் பிளவு இன்றும் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஆங்கிலேயக் கம்பெனி சுரங்கம் போட்டு முழுக்க வடித்தது. அடியில் இருந்த சேறு வெயிலில் இறுகிப்போய்ச் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. 1965இல்தான் கொலம்பிய அரசு இந்த விளையாட்டுக்குத் தடை போட்டது.

பொருளும் பேசாது, இடமும் போயிற்று. மிச்சம் இருப்பது ஏடு. அந்த ஏட்டை எழுதியவர்கள் யார்? பெத்ரோ சிமோன் பிரான்சிஸ்கன் துறவி, 1620களில் எழுதினார். லூகாஸ் ஃபெர்னாந்தெஸ் தே பியெத்ராஹீத்தா ஆயர், அவருடைய வரலாறு 1688இல் அச்சானது. ஹுவான் ரொத்ரீகெஸ் ஃப்ரெய்லே சாமியார் இல்லை, பொகோட்டாவில் பிறந்த ஸ்பானியர். 1636ஐ ஒட்டி எழுதினார். மூவருமே படையெடுப்புக்கு மூன்று தலைமுறையோ அதற்கு மேலோ கழித்துக் கேட்டதை எழுதியவர்கள். அவர்கள் ஊரில் அரசன் ஆண், பாதிரி ஆண், போர்வீரன் ஆண். பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதோ அதற்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது.

அருங்காட்சியகத்தின் நட்சத்திரம் முயிஸ்காத் தெப்பம். 1969இல் பொகோட்டாவுக்குத் தென்மேற்கே பாஸ்கா என்ற ஊரின் குகையொன்றில், ஒரு மண்பானைக்குள் விவசாயிகள் கண்டெடுத்தது. நீளம் 19.5 செ.மீ.தான். நடுவில் ஒரு பெரிய உருவம், சுற்றிலும் சின்ன உருவங்கள். பெரிய உருவம் யார் என்று எந்தப் பள்ளிக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: பட்டமேற்கும் புதுத் தலைவன், உடம்பெல்லாம் தங்கத்தூள் பூசிக் குவாட்டாவிட்டா ஏரிக்குள் போகிறான். இந்தக் கதை ஃப்ரெய்லேயின் புத்தகத்திலிருந்து வருவது. தெப்பம் 1295க்கும் 1410க்கும் இடைப்பட்டது; புத்தகம் இருநூறு, முந்நூறு ஆண்டு பிந்தியது. தெப்பம் கிடைத்தது தென்மேற்கில், ஏரி இருப்பதோ வடகிழக்கில். இரண்டையும் சேர்த்துக் கட்டியது நாம்தான். அப்படிக் கட்டியது பொருத்தமாகவே இருக்கலாம். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் நடு உருவம் ஆண் என்ற உறுதி தங்கத்திலிருந்து வரவில்லை, புத்தகத்திலிருந்து வருகிறது.

அந்தப் புத்தகத்தையே ஒழுங்காகப் படித்தால் இன்னொன்று கண்ணில் படும். தெப்பத்தில் ஏறுகிறவன் பழைய தலைவனின் மகன் இல்லை, சகோதரியின் மகன். முயிஸ்காக்களிடம் பட்டம் இறங்கியது மருமக்கள் வழியில். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தலைவனுக்கு எத்தனை மனைவிகள் இருந்தாலும், எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும், அடுத்த தலைவனைப் பெற்றுத்தர வேண்டியது அவன் அக்காளோ தங்கையோதான். ஏட்டில் அந்தச் சகோதரி வருவது அரை வரிக்கு: 'அவள் மகன்' என்று சொல்வதற்காக மட்டும். அவர் என்ன அணிந்தார், எங்கே உட்கார்ந்தார், காணிக்கை கொடுத்தாரா என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை. கண்ணாடிப் பெட்டியில் மணையில் அமர்ந்து, கோல் பிடித்து, மூக்கணி போட்ட குறியில்லாத உருவங்கள் நிற்கும்போது, அவற்றில் ஒன்றுகூட அந்தச் சகோதரியாக இருக்க முடியாது என்று எப்படி முடிவு செய்தோம்?

அதே ஏடுகளில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் செய்திகளும் உண்டு. பியெத்ராஹீத்தா சொல்லும் ஒரு கதையில், சுவெஸ்கா என்ற ஊரின் தலைவர் ஸ்பானிய ஒயினைக் குடித்துப் போதையேறியதற்காக அவருடைய மனைவிகள் அவரைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். தலைவனைத் தண்டிக்கும் உரிமை அவன் மனைவிகளுக்கு மட்டும் உண்டு என்பது விளக்கம். நடந்ததோ இல்லையோ, ஆயர் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுதுகிறார். குவாட்டாவிட்டா ஏரிக்கும் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது, சிமோன் எழுதியது. தலைவனின் மனைவி வேறொருவரை விரும்பினாள். தலைவன் அவளைச் சபையில் வைத்துக் கொடுமையாக அவமானப்படுத்தினான். அவள் மகளோடு ஏரியில் குதித்தாள். அடியில் ஒரு பெரும்பாம்போடு அவள் உயிரோடு வாழ்கிறாள் என்று நம்பி மக்கள் காணிக்கை போட்டார்களாம். தங்க மனிதனைத் தேடி உலகமே வந்த ஏரியில் காணிக்கை வாங்கிக்கொண்டிருந்தது ஒரு பெண். எல் டொராடோ என்றதும் இந்தக் கதை எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பெண்குறி உள்ள துன்ஹோ, கையில் குழந்தை என்றால் உடனே 'தாய்த் தெய்வம் பச்சுவே' என்கிறார்கள். இகுவாகே ஏரியிலிருந்து ஒரு சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் பச்சுவே. பையன் வளர்ந்ததும் அவனையே மணந்து உலகத்தை நிரப்பினாள். கடைசியில் இருவரும் பாம்பாகி ஏரிக்குள் திரும்பினார்கள். அபாரமான கதை. 1920களில் கொலம்பியக் கலைஞர்கள் தங்கள் நாட்டுக்கென்று ஒரு வேரைத் தேடியபோது இவளைக் கண்டெடுத்தார்கள். ரோமுலோ ரோசோ 1925இல் செய்த பச்சுவே சிற்பம் அந்தத் தலைமுறைக்கே கொடியானது. அதிலிருந்து பெண் துன்ஹோ எல்லாம் பச்சுவே, முயிஸ்கா நாடே பெண்ணாட்சி என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. மருமக்கள் வழி இருந்தால் பெண்ணாட்சி என்று ஆகாது. தாய்வழியில் சொத்து இறங்கிய வீடுகளிலும் சாவிக்கொத்து மாமன் இடுப்பில் இருந்ததை நாம் அறிவோம்.

குழந்தை ஏந்திய அந்தத் துன்ஹோவை யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஹெக்கே என்ற பூசாரியிடம் போய்த் தன் குறையைச் சொல்கிறார். ஹெக்கே விரதம் இருக்கிறார். உருவம் செய்விக்கப்பட்டு, உரிய இடத்தில் சேர்க்கப்படுகிறது. அந்த உருவம் குழந்தை கேட்டவராக இருக்கலாம். கேட்டபடி கிடைத்த குழந்தைக்கு நன்றியாக இருக்கலாம். நோயில் கிடந்த பிள்ளைக்காக அப்பா கொடுத்ததாகவும் இருக்கலாம். நம் கோயில்களில் தொட்டில் கட்டுகிறவர்களையும் வெள்ளியில் கண்ணுருவம் உண்டியலில் போடுகிறவர்களையும் பார்த்த நமக்கு இது சட்டென்று புரிய வேண்டும். அதைத் தெய்வமாக்கினால் பெண்ணுக்குப் பெருமை சேர்த்தது போலத் தோன்றும். ஆனால் ஒரு சாதாரண மனுஷியின், அல்லது மனுஷனின், கவலையை அங்கிருந்து துடைத்துவிடுகிறோம்.

உலோகத்திலேயே பாலினம் பார்க்கிறவர்களும் உண்டு. தங்கம் சூரியனின் விந்து, செம்பின் சிவப்பு பெண், இரண்டும் கலந்தால் கரு என்று ஒரு விளக்கம் தங்கப் புத்தகங்களில் அடிக்கடி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அமேசான் பக்கம் வௌபேஸ் காட்டில் வாழும் தேசானா மக்களிடம் ஹெரார்தோ ரைச்சல்-டோல்மாடோஃப் கேட்டு எழுதியது. தேசானாக்களின் மொழிக் குடும்பமே வேறு. குளிர்மேட்டின் உலைக்கு இதை அப்படியே கொண்டுவந்து மாட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஆணா பெண்ணா என்ற கேள்வியே போதுமானதா என்று என்னை யோசிக்க வைத்தது பியெத்ராஹீத்தாவின் ஒரு பத்திதான். முயிஸ்காக்களுக்கு வடகிழக்கே, கொக்குய் பனிமலையின் பக்கம், லாச்சே என்ற சிப்சா மொழிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து ஐந்து ஆண் பிள்ளைகள் பிறந்து மகளே இல்லையென்றால், பன்னிரண்டு நிலா ஆனதும் மகன்களில் ஒருவனைப் பெண்ணாக வளர்க்கலாமாம். பெண்ணாகவே உடுத்தி, பெண்ணாகவே வேலை செய்து, பெண்ணாகவே மணந்துகொடுக்கப்படுவார். இறந்தால் பெண்ணுக்கு அழுவது போல அழுவார்கள். அவர்களுக்குக் குஸ்மோ என்று பெயர். ஸ்பானிய நீதிமன்றம் வந்து நிலைத்த பிறகே இந்த வழக்கம் நின்றது என்று ஆயர் முகம் சுளித்துக்கொண்டே எழுதுகிறார். முகம் சுளித்தாலும் எழுதிவைத்தாரே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இது லாச்சேக்களைப் பற்றியது, முயிஸ்காக்களைப் பற்றியது இல்லை. ஆனாலும் பக்கத்து மலையில், ஒரே மொழிக் குடும்பத்தில், பிறந்த உடம்பு ஒன்றாகவும் வாழ்ந்த பால் வேறாகவும் இருப்பதற்கு ஊரே ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. குஸ்மோ ஒருவரை மெழுகில் செய்யச் சொன்னால் கைக்காரர் எதைச் செய்வார்? குறியையா, உடுத்தியதையா, கையில் இருப்பதையா?

அதனால்தான் அந்தத் தொகுதி ஆராய்ச்சி பெரிய விஷயம் என்றேன். ஒற்றைத் துன்ஹோவை வைத்துக்கொண்டு குறியில்லாததற்கு நூறு காரணம் சொல்லலாம்: அவசரம், சோம்பல், அந்த ஊர்ப் பாணி, உலோகம் ஓடாதது. ஒரே பானையில், ஒரே கைக்காரர் ஒரே சமயத்தில் செய்த உருவங்கள் கலையாமல் கிடைக்கும்போது கதை மாறுகிறது. அவற்றில் ஒன்றுக்குக் குறியும் பக்கத்தில் இருப்பதற்கு வெறும் தகடும் இருந்தால், சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. இதற்கு வேண்டும், அதற்கு வேண்டாம் என்று அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். புதையல் தேடிகளின் கையில் சிக்காத பானைகள் குறைவுதான், ஆனால் இருக்கின்றன. அவற்றில் குறி உள்ளவை எவற்றை ஏந்துகின்றன, இல்லாதவை எவற்றை ஏந்துகின்றன என்று பானை பானையாக ஒப்பிட்டுப் பார்ப்பது சலிப்பான வேலை. அதைச் செய்து முடிக்கும்வரை குறிப்புகளில் போர்வீரன், தலைவன் என்று எழுதுவதற்குப் பதில் 'ஈட்டி வீசும் கருவி ஏந்தியவர்', 'மணையில் அமர்ந்தவர்' என்று எழுதினால் அருங்காட்சியகத்துக்கு ஒரு காசு செலவில்லை. அத்தையும் அவர் பாட்டுக்குப் பெண் என்று வைத்துக்கொள்ளலாம்.